இசைக் கணினியும் இயங்குதளப் புதுப்பிப்பும்

கணினியிலுள்ள மென்பொருள்கள் அனைத்தையும் தாங்கி நிற்பது இயங்குதளமாகும். தளம் மாறின் அதன்மேல் நிற்பவையும் அசையும். இசைப்பதிவுக் கணினியில் மிருதங்க ஒலி தரும் செருகுநிரல் ஒரு நிறுவனத்தின் ஆக்கம். ஒலிவாங்கியை இணைக்கும் கருவியின் இயக்கி மற்றொன்றின் ஆக்கம். இவை யாவும் புதிய தளத்துக்கேற்ப ஒரே நாளில் திருத்தப்படுவதில்லை.

2019 அக்டோபர் 7இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக் ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் மென்பொருள்களை அறவே ஏற்கவில்லை. பழைய செருகுநிரல்கள் பல ஊமையாயின. அவ்வாண்டுத் தீபாவளியோ அக்டோபர் 27. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பண்டிகைப் பாடலைப் பாதி பதிந்திருந்தவர் அன்று புதுப்பித்திருந்தால் என்னாகும்?

அங்ஙனமாயின் புதுப்பிக்கவே வேண்டாவோ? அதுவும் பொருந்தாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியை இணையத்தில் இணைப்பது இடர் தருவதாகும்.

ஆகவே, எடுத்த பாடலை முதலில் முடித்திடுக. வட்டு முழுவதையும் வெளிவட்டில் படியெடுத்திடுக. ஒவ்வொரு கருவியும் புதிய தளத்தில் இயங்குமா என்பதை அதன் நிறுவன அறிவிப்பில் கண்டபின் புதுப்பித்திடுக. இசைத்தடம் ஒவ்வொன்றையும் தனி ஒலிக்கோப்பாகவும் சேமித்து வைப்பின், செருகுநிரல் மறைந்தாலும் பாடல் மறையாது.