சிங்கத்தின் பெயரில் வாசல், உள்ளே சைக்கிள்

வாசலுக்குப் பெயர் எல்சா கேட். ஜாய் ஆடம்சன் குட்டியிலிருந்து வளர்த்துக் காட்டில் விட்ட பெண்சிங்கத்தின் பெயர் அது. அந்த அம்மையார் குடியிருந்த வீடும் பக்கத்திலேயே, நைவாஷா ஏரிக்கரையில் இருக்கிறது. அதற்காக உள்ளே போனதும் சிங்கம் வரும் என்று கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டாம். கென்யாவின் ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா சிங்கங்கள் நிலையாகத் தங்கும் இடமல்ல. அதனால்தான் இங்கே நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம்.

கென்யா என்றதும் எல்லோரும் மசாய் மாராவுக்கு ஓடுகிறார்கள். அது 1,510 சதுர கிலோமீட்டர். கூரை திறந்த வேனுக்குள் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். ஒரு சிங்கம் கொட்டாவி விட்டால் சுற்றிலும் வேன்கள் மொய்த்துவிடும். 1984-ல் தேசியப் பூங்காவான ஹெல்ஸ் கேட் வெறும் 68 சதுர கிலோமீட்டர்தான். நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

வாசலுக்கு வெளியே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது. பிரேக்கையும் செயினையும் பார்த்து எடுங்கள். நான் பார்க்கவில்லை. இரண்டாவது கிலோமீட்டரிலேயே செயின் கழன்றது. புழுதியில் குந்தி, கையெல்லாம் கிரீஸாகப் போராடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ‘கறுக் கறுக்’ என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், இருபதடி தூரத்தில் வரிக்குதிரைகள் மேய்கின்றன. புல் அறுபடும் சத்தம் அது. கறுப்பு வரிகளின் ஓரத்தில் செம்மண் அப்பியிருந்தது, வால் ஈ விரட்டிக்கொண்டிருந்தது. ஒன்று மூக்கால் சீறியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் தலை தூக்கின. என்னைப் பார்த்தன. பிறகு மறுபடி மேய்ந்தன. அன்றைக்கு வேடிக்கைப் பொருள் நான்தான்!

ஒட்டகச்சிவிங்கி, எலாண்ட், கொங்கோனி மான்கள், பபூன் குரங்குகள் எல்லாம் இப்படித்தான் பாதையோரத்தில் தென்படும். எருமையிடம் மட்டும் இந்த உரிமை கொண்டாடக் கூடாது. ஆப்பிரிக்கக் காட்டெருமை தனியாக நின்றால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வதே புத்தி.

சற்றுத் தூரத்தில் 25 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை செங்குத்தாக நிற்கிறது. எரிமலை வாயில் இறுகிய குழம்பு, சுற்றியிருந்த மண் கரைந்துபோக, தூணாக மிஞ்சியது. 1880-களில் இவ்வழியே வந்த ஜெர்மானியர் ஃபிஷரின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். மசாய் மக்களுக்கு அது கல்லாய்ப்போன மணப்பெண். புகுந்த வீட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டாளாம். எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. அடிவாரத்தில் முயல் அளவில் ஓடித் திரியும் ஹைராக்ஸ்களைக் கவனியுங்கள். யானைக்கு நெருங்கிய சொந்தம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

பூங்காவின் கோடியில் நீர் அரித்த ஆழமான பள்ளத்தாக்கு. சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். பாறை இடுக்கிலிருந்து வெந்நீர் சொட்டுகிறது. விரலை வைத்ததும் இழுத்துக்கொள்வீர்கள். அழகுதான், ஆனால் பொல்லாத அழகு. எங்கோ மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி, 2012-லும் 2019-லும் இங்கே உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. வானம் கறுத்திருந்தால் இறங்காதீர்கள். உள்ளூர் வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

அந்த வெந்நீருக்குக் காரணமான பூமிச் சூட்டில்தான் ஒல்காரியா மின்நிலையம் 1981 முதல் ஓடுகிறது. பூங்காவுக்குள்ளேயே நீராவிக் குழாய்கள் பாம்பாக நெளிகின்றன. விலங்குகள் நுழைந்துபோகச் சில இடங்களில் வளைவுபோல உயர்த்தியிருக்கிறார்கள். போட்டோவுக்குக் குழாய்கள் இடைஞ்சல்தான். ஆனால், கென்யாவின் மின்சாரத்தில் பாதியை நெருங்கும் பங்கு பூமியின் வெப்பத்திலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் குறை சொல்ல மனம் வரவில்லை. செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு விட மாட்டார்கள். ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.