மூன்றாவது சுளுக்குக்குப் பிறகு

மூன்றாம் முறையாக அதே வலது கணுக்கால். ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் இரட்டையர் ஆட்டம். தலைக்கு மேல் போன இறகுப்பந்தை எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. "ஒண்ணுமில்ல சார், உதறிட்டு வாங்க" என்றார் கூட்டாளி. முதல் இரண்டு முறையும் அப்படித்தான் உதறிவிட்டு ஆடப் போனேன். அதுதான் தப்பு.

சுளுக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? நார் சரியாக ஒட்டவில்லை என்றே நானும் நினைத்திருந்தேன். விஷயம் அவ்வளவு எளிதில்லை. கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்களில் நரம்பு முனைகளும் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்புபவை அவை. நார் கிழியும்போது அவையும் பழுதாகின்றன. என் தொழில் மொழியில் சொன்னால், மோட்டார் ஓடுகிறது, சென்சார் போய்விட்டது. 1965-லேயே ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் சகாக்களும் இதைச் சொல்லி, ஆடும் பலகைமேல் நின்று பழகும் பயிற்சியையும் பரிந்துரைத்தார்கள்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள் (சுவர் பக்கத்தில் இருக்கட்டும்). இடது காலில் அரை நிமிடம் நின்றேன். வலது காலில் ஐந்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன்.

வேறு விளையாட்டு தேடுகிறவர், தன்னைக் கெடுத்த அசைவு எது என்று முதலில் எழுதிக்கொள்வது நல்லது. எனக்கு, குதித்து இறங்குவதும் சட்டென்று பக்கவாட்டில் திரும்புவதும். டென்னிஸ், ஸ்குவாஷ், கால்பந்து, சின்ன வயதிலிருந்து ஆடிய கிரிக்கெட் எல்லாமே அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போயின.

இதில் எனக்கு வழிகாட்டி ரெபெக்கா ரொமேரோ. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நால்வர் துடுப்புப் படகுப் போட்டியில் வெள்ளி வென்றவர். தீராத முதுகுத் தொல்லையால் 2006-ல் படகை விட்டார். 2008 பெய்ஜிங்கில் அவருக்குத் தங்கம், சைக்கிள் பந்தயத்தில்! படகுக்குத் தேறிய காலும் நுரையீரலும் சைக்கிளுக்கும் வேண்டும். ஒவ்வொரு துடுப்புக்கும் முதுகை வளைத்து இழுக்கும் வேலை மட்டும் அங்கே கிடையாது.

முதலில் நீச்சலைத்தான் நினைத்தேன். மம்சார் கடற்கரை வீட்டுக்குப் பக்கம். ஆனால் பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். ஆகஸ்டில் அது வெந்நீர் அண்டா. குளிர்காலத்துக்குச் சரி. கடைசியில் சைக்கிள்தான். பெடல் பாதத்தை நேராக வைத்திருப்பதால் கணுக்கால் பக்கவாட்டில் மடங்க வாய்ப்புக் குறைவு. துபாயின் நாத் அல் ஷீபாவில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை இருக்கிறது. நேரம்தான் சிக்கல். கோடையில் விடியுமுன் போகவேண்டும், இல்லையென்றால் இரவில்.

நாலரை மணிக்குக் கிளம்பினால் தொழிலாளர் பேருந்துகள் எதிரே வரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது இங்கே விதி. அதனால் சில இடங்களில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சாலையோரத்தில் கனத்த இரும்புச் சைக்கிளை மிதித்து வேலைக்குப் போகிறவர்களையும் பார்க்கிறேன். வண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் மிதிக்கிற எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சைக்கிளில் எதிராளி கிடையாது. புள்ளி போனதற்குக் கூட்டாளியைத் திட்ட முடியாது, ஆட்டம் முடிந்து நாலு பேராக டீ குடிக்கவும் முடியாது. ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த டீ சின்ன விஷயமில்லை. வாராவாரம் இன்னமும் கூப்பிடுகிறார்கள். போகிறேன், ஸ்கோர் சொல்ல.

பல் தேய்க்கும்போது வலது காலில் நிற்கும் பயிற்சி மட்டும் தொடர்கிறது. நேற்று, கண்ணை மூடிக்கொண்டு, இருபது வரை எண்ணினேன்.