குழந்தையின் இரவு உறக்கம்

பச்சிளங் குழந்தையைத் துணியால் சுற்றி உறங்க வைப்பது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். திடுக்கிட்டுக் கைகளை உதறும் இயல்பு அதனால் அடங்கும். சில மாதங்களில் குழந்தை புரள முயன்று, துணியை உதைத்துத் தள்ளி அழும். தாய்மார்கள் அப்போது துணியை இன்னும் இறுக்குதல் ஆகாது. கைகள் கட்டுண்ட குழந்தை குப்புறக் கவிழ்ந்தால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரும். புரளும் அறிகுறி கண்ட அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன்னரே ஒரு கையையும், சில நாட்களில் மறு கையையும் வெளியே விட்டுப் பழக்குவது நலம்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் பாலூட்டி, விளக்கைத் தணித்து, தாலாட்டி, தலையணையின்றிச் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சில இரவுகள் விழிக்க நேரும்; அவ்விழிப்பைத் தந்தையரும் பங்கிட்டுக் கொள்ளட்டும். காய்ச்சலிருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே நாடுங்கள்.