கைத்தொலைபேசியில் டாக்டர்: நம் பெரியவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?



இரத்தக் கொதிப்போ இனிப்புநீரோ இல்லாத வீடு தோட்டத்தில் இன்று குறைவு. 2023-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் உண்டு. பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. வயது ஏற ஏற இந்தக் கணக்கும் ஏறும்.

இரண்டும் சத்தம் போடாமல் வேலை செய்யும் வியாதிகள். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஒருநாள் வாய் கோணிக் கை விழுந்த பிறகுதான், "அடடா, மருந்தை விட்டுட்டாரே!" என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியவரும். நாட்டில் புதிதாக டயாலிசிசுக்குப் போகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் இனிப்புநீர்தான். டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். அந்த நிலையைத் தள்ளிப்போட வேண்டுமானால் தவணை தவறாத பரிசோதனையும் நாள் தவறாத மருந்தும் வேண்டும்.

ஆனால் தவணைக்குப் போவது லேசான காரியமா? கிளினிக் தூரத்தில் இருக்கிறது. பஸ் வராத தோட்டங்கள் பல. மகனோ மருமகனோ ஒருநாள் வேலைக்குப் போகாமல் கூட்டிப் போக வேண்டும். "எனக்காக அவன் ஒருநாள் சம்பளத்தை விடணுமா?" என்று எண்ணியே தவணையை விட்டுவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

தொலைவிலிருந்து வைத்தியம் என்றால் என்ன?

இது நான்கு விதமாக நம்மிடம் வருகிறது. ஒன்று, கைத்தொலைபேசியில் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது. இரண்டு, வீட்டிலேயே கொதிப்பையும் இனிப்பையும் அளந்து கிளினிக்குக்குத் தெரிவிப்பது. மூன்று, தவணைத் தேதியைக் கைத்தொலைபேசியிலேயே வாங்குவது. நான்கு, தொடர்ந்து சாப்பிடும் மருந்தைத் தபாலில் பெறுவது. கடைசியில் சொன்ன சேவை பல அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் இருக்கிறது. முதல் தடவை நேரில் மருந்து வாங்கிக்கொண்டு, மீதியைத் தபாலில் அனுப்பச் சொல்லலாம். தபால் செலவு நம்முடையது.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. தொலைமருத்துவச் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 1997-ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றியது. ஆனால் சாதாரண மக்களின் கைக்கு இந்த முறை வந்து சேர்ந்தது, 2020-ஆம் ஆண்டு கோவிட் நோய் பரவி, வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் போனபோதுதான்.

வசதி வந்தும் பெரியவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். "வயசாயிட்டா பிடிவாதம்தான்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அது சரியான தீர்ப்பு அல்ல.

பெரியவர் மனத்தில் எழும் நான்கு கேள்விகள்

மக்கள் புதுக் கருவியை ஏன் ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பிரெட் டேவிஸ். 1989-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு காரணங்களைச் சொன்னார்: இதனால் எனக்குப் பயன் உண்டா? இது எளிதா? இரண்டில் பயனே பெரிது என்று அவர் கண்டார். 2003-இல் விசுவநாத் வெங்கடேஷ் என்பவர் டேவிசுடனும் மற்றவர்களுடனும் சேர்ந்து மேலும் இரண்டைச் சேர்த்தார்: எனக்கு வேண்டியவர்கள் என்ன சொல்கிறார்கள்? துணையும் வசதியும் இருக்கிறதா? வயதானவர்களிடத்தில் எளிமை, வேண்டியவர் சொல், துணை ஆகிய மூன்றும் கூடுதல் எடை போடுகின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்த கதையை வைத்துச் சொன்னது இது. நம் லயத்து வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதல் கேள்வி: பயன் உண்டா? வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பாட்டி கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்குகிறார். ஆகவே கருவி மேல் அவருக்குப் பகை இல்லை. டாக்டர் விஷயத்தில் பயன் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். "கையைப் பிடிச்சுப் பார்க்காத டாக்டர் என்ன டாக்டர்?" என்று அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் இருந்தார். குடும்பத்தையே அறிந்தவர், நம் பாஷை பேசியவர். பழக்கமில்லாத முகம் கண்ணாடிக்குள்ளிருந்து பேசினால் நம்பிக்கை உடனே வராது. முதலில் நேரில் பார்த்த டாக்டரோடு அடுத்த தடவை தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். அந்த வரிசையில் போனால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது: எளிதா? காலமெல்லாம் பால் சீவிய விரல் காய்த்துப்போயிருக்கும். தோல் தடித்து வறண்டிருந்தால் தொடுதிரை சில வேளை அந்த விரலை உணராது. விரல் ரேகை தேய்ந்திருந்தால் பூட்டும் திறக்காது. "நான் தொட்டா வேலை செய்ய மாட்டேங்குது" என்று பெரியவர் சொன்னால் அவர் மேல் குற்றமில்லை. விரலைக் கொஞ்சம் ஈரப்படுத்தித் தொடச் சொல்லுங்கள். ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். கண்ணில் புரை இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். காது மந்தமாக இருந்தால், கத்திப் பேசுவதைவிட முகத்துக்கு நேரே நிதானமாகப் பேசுவது நன்றாகக் கேட்கும்.

பாஷையும் ஒரு தடை. திரையில் வருவது பெரும்பாலும் மலாயும் ஆங்கிலமும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரும், எழுத்தே தெரியாதவரும் என்ன செய்வார்கள்? அட்டையில் பெரிதாகப் படம் வரைந்து ஒட்டிக் கொடுங்கள்: பச்சை அடையாளத்தை அழுத்தினால் பேசலாம், சிவப்பை அழுத்தினால் முடிந்தது.

மூன்றாவது: வேண்டியவர்கள் என்ன சொல்கிறார்கள்? பெரியவரைத் தனியாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவதைவிட, பக்கத்து வீட்டு அக்கா தன் கொதிப்பைத் தானே அளப்பதைக் காட்டுவது மேல். "அவளால முடிஞ்சா என்னால முடியாதா?" என்ற எண்ணம் தானாக வரும்.

நான்காவது: துணை உண்டா? 2021-இல் கோவிட் தடுப்பூசிக்கு மைசெஜாத்ராவில் பெயர் பதிய வேண்டியிருந்தது. ஸ்மார்ட் போனே இல்லாத பெரியவர்கள் திகைத்தார்கள். பிள்ளைகள் தங்கள் போனிலேயே பெற்றோரின் பெயரைச் சேர்க்கவும், போன் இல்லாதவர்கள் கிளினிக்கில் பெயர் கொடுக்கவும் வழி இருந்தது. அந்தத் துணை கிடைத்த வீடுகளில் காரியம் நடந்தது. துணை இல்லாத இடத்தில் கருவி இருந்தும் பயனில்லை.

ஆனால் துணை என்பது கைப்பற்றுவது அல்ல. போனைப் பிடுங்கி, "தள்ளுங்க, நான் பேசுறேன்" என்று மகனே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். பாட்டிக்குச் சிறுநீர் எரிச்சல் இருக்கும், மூலம் இருக்கும், பெண்களுக்கே உள்ள தொல்லை இருக்கும். பேரன் முன்னால் எப்படிச் சொல்வார்? அவர் வாயை மூடிக்கொள்வார், வியாதி வளரும். இணைப்பைக் கொடுத்துவிட்டு, "பாட்டி, நான் வெளியே நிக்கிறேன், நீங்க பேசுங்க" என்று எழுந்து போகப் பழகுங்கள்.

வீட்டில் அளக்கும் முறை

இரத்தக் கொதிப்புக்கு: மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் பட்டை கட்டும் கருவி நல்லது. அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் காப்பி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். காலையில் மருந்துக்கு முன், மாலையில் ஒரு தடவை, இப்படி ஏழு நாள் எழுதிக் காட்டினால் டாக்டருக்கு அது பெரிய உதவி. வீட்டில் அளக்கும்போது பொதுவாக 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இனிப்புநீருக்கு: கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். காய்த்த விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு. வெறும் வயிற்றில் பலருக்கு 4.4 முதல் 7 வரை என்று எல்லை வைப்பார்கள். வயதானவருக்கு டாக்டர் வேறு எல்லை சொன்னால் அதுவே சரி. 4-க்குக் கீழே போய் வியர்த்துக் கை நடுங்கினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

எண் நன்றாக வந்துவிட்டது என்று மருந்தை நிறுத்தவே கூடாது. மருந்து வேலை செய்வதால்தான் அந்த எண் வந்தது.

தொலைபேசிக்கு விடக்கூடாதவை

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, நினைவு தப்புவது. இவற்றுக்கு டாக்டரின் முகத்தைத் திரையில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இனிப்புநீர்க்காரரின் காலில் புண் வந்தாலும் நேரில்தான் காட்ட வேண்டும். படத்தில் சிறிதாகத் தெரியும் புண், உள்ளே ஆழமாக இருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "கிளினிக்கிலிருந்து பேசுகிறோம்" என்று சொல்லி வங்கி எண்ணையோ, போனுக்கு வந்த இரகசிய எண்ணையோ கேட்டால் கொடுக்காதீர்கள். வைத்தியத்துக்கு அது தேவையே இல்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997-க்குச் சொல்லுங்கள். போனைத் தொடப் பெரியவர்கள் பயப்படுவதற்கு இந்த மோசடிகளும் ஒரு காரணம். அந்தப் பயம் நியாயமானது.

கிளைச் செயலவையினர் கவனத்துக்கு

வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் சொன்னோம். வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதும் உண்டு. லயத்தில் சிக்னல் எட்டாவிட்டால் எந்தக் கருவியும் வெறும் பொம்மைதான். நிர்வாகத்தோடு பேசும்போது சிக்னல் பற்றியும் பேசுங்கள். தோட்டத்து மண்டபத்தில் கொதிப்பு அளக்கும் கருவி ஒன்று, ஒதுக்குப்புறமாக ஓர் அறை, போன் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால், வாரம் ஒருநாள் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். கிளினிக் ஆட்களை நேரில் வரவழைக்கும் கோரிக்கையையும் விட்டுவிடாதீர்கள். தொலைபேசி வந்துவிட்டது என்பதற்காக நேரில் வரும் டாக்டரை இழக்க நாம் சம்மதிக்கக் கூடாது.

இருட்டில் நெற்றி விளக்கோடு நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய கைகள் அவை. ஒரு பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்ள அவற்றால் முடியும். பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகச் சொல்லித்தர ஆள் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். ஒரே ஒரு காரியத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று.