அரமும் சான்றிதழும்

பள்ளிப் படிப்பை முடித்தவருக்குக் கல்லூரி ஒன்றே வழி என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையானது. 1950-இல் இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்வழி வளர்ந்தவையே தொழிற்பயிற்சி நிலையங்கள். 1956-இல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது.

அங்கே வெல்டர் தொழிலுக்கு ஓராண்டு. பிட்டர் தொழிலுக்கு ஈராண்டு. பிட்டர் மாணவன் முதலில் கையிலெடுப்பது பெரிய இயந்திரத்தையன்று, அரத்தை. இரும்புத் துண்டொன்றை நாட்கணக்கில் அராவி, அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பான். இடையே ஒளிக்கீற்றுத் தெரிந்தால் மீண்டும் அராவவேண்டும். கணக்கின் விடையைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிடலாம். இதனை அவ்வாறு செய்ய இயலாது!

ஆயினும், பயிற்சிக்கூடத்து வேலை வேறு, ஆலையின் வேகம் வேறு. அவ்விடைவெளியை நிரப்பவே 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. உதவித்தொகை கொடுத்துப் பழகுநரைச் சேர்த்துக்கொள்வது குறிப்பிட்ட தொழிலகங்களின் கடமையாயிற்று. எனினும், பழகுநரைத் தரை கூட்டவும் சுமை தூக்கவும் ஏவுகின்ற இடங்கள் இல்லாமலில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் பயில்பவரேயன்றி வேலையாள் அல்லர். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், கற்பிக்கப்படும் தொழில் யாது, பயிற்சிக் காலம் எவ்வளவு என்பவற்றை வரிவிடாது படித்துப் பாருங்கள்.