பதிவேடும் பெயர்க் குறிப்பேடும்

பள்ளிதோறும் சேர்க்கைப் பதிவேடு என்றொரு பெரிய புத்தகம் உண்டு. பிள்ளைகளின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி யாவும் சேர்க்கை எண் வரிசையில் அதில் எழுதப்படும். எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துவிடலாம். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வயதுச் சான்று கேட்டு வருபவர் எண்ணையா சொல்வார்? பெயரைத்தான் சொல்வார்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இதற்கென ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருந்தோம். அகர வரிசையில் பெயர், எதிரே சேர்க்கை எண், அவ்வளவே. ஒருநாள் பூவத்திலிருந்து ஒரு முதியவர் வந்தார். குறிப்பேட்டில் அவர் பெயர் இல்லை. "தாங்கள் இங்கே படிக்கவில்லை, ஐயா" என்று அனுப்பிவிட்டேன். மனம் கேளாமல் பின்னர்ப் பதிவேட்டையே பக்கம் பக்கமாகப் புரட்டினேன், பெயர் இருந்தது! பதிவேட்டில் எழுதியவர் குறிப்பேட்டில் எழுத மறந்திருந்தார். அதற்குள் அம்முதியவரின் உதவித்தொகை மனுவுக்குரிய கெடு கடந்துவிட்டது.

நூலகங்களும் இச்சிக்கலை அறியும். சீர்காழிக்காரரான எஸ். ஆர். அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூற்பட்டியல் அமைப்பதற்கு 1934-இல் விதிநூலே எழுதினார். நூல் அடுக்கில் ஓரிடத்தில்தான் இருக்கும். ஆசிரியர், தலைப்பு, பொருள் என அதனிடம் செல்லும் வழிகளோ பல.

கணினிக்கு வருவோம். செய்திகளை அட்டவணைகளாக அமைக்கும் தரவுத்தள முறையை 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்துரைத்தார். நம் பதிவேடு அத்தகைய அட்டவணை. சேர்க்கை எண் அதன் முதன்மைத் திறவுகோல். பெயர்க் குறிப்பேடு துணை இண்டெக்ஸ். 'கிரியேட் இண்டெக்ஸ்' என ஆணையிட்டு, எந்த அட்டவணையில் எந்த நெடுவரிசைக்கு என்று குறித்தால், இயந்திரம் அட்டவணை முழுவதையும் படித்துக் குறிப்பேட்டைத் தானே ஆக்கிக்கொள்ளும். பெரும்பாலும் அது கிளைவிடும் மர வடிவில் அமையும். பேயர், மக்கிரைட் என்னும் இருவர் கண்ட முறை அது. கணுவுக்கு நூறு கிளையானால் மூன்றே படிகளில் 10 லட்சம் பதிவுகளுள் ஒன்றை எட்டிவிடலாம். புதிய பதிவு வந்தால் அதையும் உடனே குறித்துக்கொள்ளும், மறவாது. எங்களிடம் இல்லாத நற்குணம்!

ஆயினும் அது இலவசமன்று. ஐந்து இண்டெக்ஸ் வைத்தால், ஒரு பிள்ளையைச் சேர்க்க ஆறு இடங்களில் எழுதவேண்டும். ஆண், பெண் என்ற குறிப்புக்கு மட்டும் ஓர் இண்டெக்ஸ் வைத்துப் பாருங்கள்: பாதிப் பதிவேட்டைப் புரட்டியே தீரவேண்டும். இத்தகையதை 'டிராப் இண்டெக்ஸ்' என்னும் ஆணையால் நீக்கலாம். போவது குறிப்பேடுதான், பதிவேட்டில் ஓர் எழுத்தும் அழியாது.

ஆனால் சில நாள் எவரும் தொடவில்லை என்பதற்காக நீக்கிவிடாதீர்கள். ஆண்டுக்கொருமுறை தேர்வுப் பட்டியல் எடுக்கும்போது மட்டும் அது தேவைப்படலாம். மீண்டும் ஆக்கிக்கொள்ள முடியும். பதிவுகள் பல லட்சமாயின் நேரம் பிடிக்கும். அதுவரை சன்னலோரம் மனுவுடன் நிற்பவர் காத்திருக்கவேண்டும்.