கை கொடுப்பதும் கை கழுவுவதும்



ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். 'ஹேண்ட்' என்ற ஒரு சொல்லை வைத்தே எத்தனையோ தொடர்கள் உண்டு. 'கிவ் எ ஹேண்ட்' என்றால் உதவி செய் என்று பொருள். 'ஹேண்ட் டு மவுத்' என்பது அன்றாடம் கிடைப்பது அன்றைக்கே தீர்ந்துபோகும் பிழைப்பு. 'ஓல்ட் ஹேண்ட்' என்பது வயதான கை அல்ல, அனுபவம் முதிர்ந்த ஆள்.

நம் தமிழும் இதில் குறைந்ததல்ல. 'கை நனைக்காமல் போகக்கூடாது' என்றால் சாப்பிடாமல் போகாதீர்கள் என்ற அன்பு அழைப்பு. 'கை சுத்தம்' என்பது நேர்மை. 'கைமாற்று' என்பது பத்திரம் எழுதாமல் நம்பிக்கையின் பேரில் தரும் கடன்.

இத்தொடர்களில் சில விவிலியத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவை. ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவு செய்வது மறுபிரிவுக்குத் தெரியாவிட்டால், 'வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் குறை சொல்வார்கள். ஆனால் மத்தேயு 6:3இல் இயேசு அதைக் குறையாகச் சொல்லவில்லை. விளம்பரமின்றித் தர்மம் செய்யும் முறையாக அல்லவா கற்பித்தார்!

'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்' என்ற தொடர் இன்னும் ஆழமானது. எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுப்பிலிருந்து விலகுவதை அது குறிக்கும். நாமும் 'கை கழுவிவிட்டான்' என்கிறோம். கொலையாளி யாரென்று தெரியாதபோது, அருகிலுள்ள நகரின் பெரியோர் கை கழுவித் தங்களுக்கு அதில் பங்கில்லை என அறிக்கையிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் 21. அவர்கள் உண்மையிலேயே குற்றமற்றவர்கள். பிலாத்துவோ அப்படியல்ல. விடுவிக்க அதிகாரம் இருந்தும், கை கழுவிவிட்டு (மத்தேயு 27:24) இயேசுவைச் சாவுக்குக் கையளித்தான். தண்ணீர் அவன் கையை நனைத்தது, பொறுப்பைக் கழுவவில்லை.

அதற்கு முந்தைய இரவு இயேசுவும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்தார். தம் கையைக் கழுவ அல்ல, சீடர்களின் காலடிகளைக் கழுவ (யோவான் 13).

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து நம் கோட்டூர்புரத்துக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அன்று கை கொடுத்தவர்கள் சாதி, மதம் கேட்கவில்லை. மீனவர்கள் தங்கள் படகுகளைச் சென்னைத் தெருக்களுக்கே கொண்டு வந்தார்கள். வெள்ளம் வடிந்தபின் அந்தக் கைகள் எங்கே? வயதான பெற்றோரைக் கை கழுவிவிடும் பிள்ளைகள் நம்மிடையே இல்லையா? வீட்டுவேலைக்கு வரும் சகோதரி நோயில் விழுந்தால், 'வேறு ஆள் பார்த்துக்கொள்வோம்' என்பதும் கை கழுவுவதுதானே?

ஒவ்வொரு திருப்பலியிலும் காணிக்கைப் பொருள்களைத் தயாரித்தபின் அருள்பணியாளர் கை கழுவுகிறார். அப்போது அவர் மெதுவாகச் சொல்லும் செபம் திருப்பாடல் 51ஐச் சார்ந்தது. தாம் குற்றமற்றவர் என்று அவர் சொல்வதில்லை. தம் பாவத்தைக் கழுவியருள இறைவனை வேண்டுகிறார். பிலாத்துவும் குருவும் செய்யும் செயல் ஒன்றுதான், மனநிலை வேறு.

இவ்வாரம் நம் வீட்டில், நம் தெருவில், நாம் கை கழுவிவிட்ட ஒருவர் யாரென்று எண்ணிப் பார்ப்போம். அவருக்கு நம் கையை நீட்டுவோம்.